நூற்றுப் பன்னிரண்டு

அவள் முறை வர இன்னும் ஆறு ஜோடி இருந்தது. ஜோடிக்கு மூன்று நிமிஷம், நாற்காலியை இழுக்கவும் சிரித்து முடிக்கவும் ஒரு நிமிஷம், ஆக இருபத்துநாலு நிமிஷம் என்று ஆவுடைத்தாய் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இதைவிடக் குறைந்த நேரத்தில் என்னென்னவோ செய்திருக்கிறாள். நின்றுபோன நெஞ்சை அமுக்கி ஓட வைத்திருக்கிறாள். நரம்பே கிடைக்காத கையில் டாக்டர் கைவிட்ட பிறகு ஊசி ஏற்றியிருக்கிறாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்வதற்கு இப்படி உள்ளங்கை வேர்க்கிறது, வெட்கக்கேடு. பயிற்சிக் கூடத்தில் மத்தியானம் சாப்பிட்ட தக்காளிச் சாதத்தின் வாசனை இன்னும் போகவில்லை. எதிரே சுவரில் பேனர். 'இருதய நோயாளிகளுக்கான பாலியல் நல ஆலோசனை: செவிலியர் பயிற்சி' என்று கொட்டை எழுத்தில். காலையில் அதை வாசலில்தான் கட்டினார்கள். வராந்தாவில் போகிற பேஷண்டுகளும் அவர்களோடு வந்தவர்களும் நின்று படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சூப்பிரண்டென்ட் சிஸ்டர் ஓடிவந்து, அதை அவிழ்த்து உள்ளே கட்ட வைத்துவிட்டார். யாருக்காகப் பயிற்சியோ அவர்கள் கண்ணில் மட்டும் படக் கூடாது. சென்னையிலிருந்து வந்திருந்த வசுந்தரா மேடம் அதைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை, கோபித்துக்கொள்ளவுமில்லை. "பேனருக்கே இந்தக் கதின்னா உங்க நிலைமை எனக்குப் புரியுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

பயிற்சி எளிமையானதுதான். சீட்டுக் குலுக்கி ஜோடி பிரித்தாயிற்று. ஒருவர் பேஷண்ட், ஒருவர் நர்ஸ். நர்ஸ் வந்தவரை உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, பலகையில் மேடம் எழுதிப் போட்டிருக்கிற கேள்வியைக் கேட்க வேண்டும். 'அட்டாக் வந்ததுக்குப் பிறகு புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருக்கிறதைப் பத்தி நிறையப் பேருக்குப் பயம் இருக்கும். உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா?' இவ்வளவுதான். இந்த வாக்கியத்துக்கு வந்து சேரவே காலையில் ஒரு மணி நேரம் ஆனது. நீங்கள் வார்டில் என்ன வார்த்தை சொல்வீர்கள் என்று மேடம் கேட்க, முப்பது பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தாம்பத்தியம். இல்லறம். 'அந்த விஷயம்.' 'வீட்டு விஷயம்.' பக்கத்து நாற்காலி ரோஸ்லின், ஐசியு இன்சார்ஜ், வாய்க்கு அஞ்சாதவள், "நாங்க ஒண்ணும் சொல்றதே இல்ல மேடம், 'ஸ்ட்ரெய்ன் பண்ணாதீங்க'ன்னு ஒரு மாதிரி பார்த்துச் சொல்லுவோம், புரிஞ்சவங்க புரிஞ்சுக்குவாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடைத்தாயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அந்த ஒரு மாதிரிப் பார்வைகூட நான் யாரையும் பார்த்ததில்லையே என்று நினைத்தாள். உடம்பைத் தொட அவளுக்கு ஒரு நாளும் கூச்சம் இருந்ததில்லை. ஆண் பிள்ளைகளுக்கு மூத்திரக் குழாய் சொருகியிருக்கிறாள், மலம் துடைத்திருக்கிறாள், இறந்தவர்களைக் குளிப்பாட்டிக் கட்டியிருக்கிறாள். தொடுகிற கைக்கு இல்லாத வெட்கம் கேட்கிற வாய்க்கு எங்கிருந்து வருகிறதோ. முதல் ஜோடி முடிந்து கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். அஞ்சு.

டிஸ்சார்ஜ் தாள் ஒன்று உண்டு. பேஷண்டை வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியவை பதினோரு வரி. உப்பு, எண்ணெய், மாத்திரை நேரம், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, நடை, படிக்கட்டு, பீடி சிகரெட், அடுத்து வர வேண்டிய தேதி என்று போய், ஒன்பதாவது வரியில் 'தாம்பத்தியம்: ஆலோசனை வழங்கப்பட்டது' என்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், அதில் டிக். வேலை அள்ளிக்கொண்டு போகிற வார்டில் கட்டம் கட்டமாக யார் போடுவது? மேலிருந்து கீழே ஒரே கோடாகச் சரித்து இழுத்து அடியில் ஒரு கொக்கி போட்டுவிட்டால் பதினொன்றும் ஆயிற்று. அப்படித்தான் அவளுக்கு முந்தியவர்கள் போட்டார்கள், அவளும் போட்டாள், அவளிடம் வேலை கற்றுக்கொண்டவர்களும் போடுகிறார்கள். எத்தனை ஆயிரம் பேருக்கு வழங்காத ஆலோசனையை வழங்கியிருக்கிறாள்! ஒரு லாரி டிரைவர், முப்பத்தெட்டு வயசு இருக்கும், மீசைக்காரன், தாளை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றான். "சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்" என்றான். கேளுங்கள் என்றாள். அவன் சுற்றிலும் பார்த்தான், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான், வாசலில் பையோடு நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தான். "எல்லாம் முன்ன மாதிரி இருக்கலாமா சிஸ்டர்?" அவளுக்குப் புரிந்தது. நன்றாகப் புரிந்தது. "டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு, கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ஓடாத டிரிப்ஸ் ஒன்றைச் சரிபண்ணப் போனாள். டாக்டர் காலையிலேயே வந்து போய்விட்டார் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். அவன் என்ன ஆனான்? இத்தனை வருஷமும் நினைத்துப் பார்க்காததை இன்றைக்குப் போய் ஏன் நினைக்கிறேன்? வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லியிருப்பான், ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான், அவள் தன்மேல்தான் ஏதோ குறை என்று எண்ணியிருப்பாள். அப்படித்தான் எண்ணுவாள். ஆவுடைத்தாய்க்குத் தெரியாதா?

நாலு. மேடைக்கு எதிரே போட்டிருந்த இரண்டு நாற்காலியில் இரண்டு சின்னப் பெண்கள் உட்கார்ந்து கேள்வியை ஒப்பித்தார்கள். ஒருத்தி பேஷண்ட் மாதிரி குரலைக் கரகரப்பாக்கி இருமினாள். ஆட்கள் சிரித்தார்கள். அவள் புருஷன் சங்கரலிங்கம் இருமவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சினிமாவில் மாதிரி சாயவுமில்லை. ஏழாம் வகுப்புக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு அவளுடைய வார்டுக்கு வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஆவுடை, கொஞ்சம் நெஞ்சு கரிக்கிற மாதிரி இருக்கு, நீ வேலையா இருந்தா நான் வெளில உக்காரட்டுமா?" என்றார். வெளியில் உட்காரட்டுமாவாம். மூன்று வருஷம் ஆகிறது அதற்கு. ஸ்டென்ட் வைத்தார்கள். ஏழு நாள். அவள் வார்டு, அவள் கட்டில், அவள் கையாலேயே எல்லாம். எட்டாம் நாள் டிஸ்சார்ஜுக்கு ரோஸ்லின்தான் தாளை எடுத்து வந்தாள். "அக்கா, நீங்களே போட்டுருங்க. அண்ணனுக்கு நாங்களா சொல்லிக் குடுக்கணும், உங்களுக்குத் தெரியாததா?" என்று பேனாவையும் கொடுத்தாள். பிரியம்தான். மரியாதைதான். ஆவுடைத்தாய் வாங்கி, மேலிருந்து கீழே சரித்து ஒரு கோடு இழுத்து, கொக்கி போட்டு, செவிலியர் கையொப்பம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். நோயாளி கையொப்பம் என்ற இடத்தில் சங்கரலிங்கம், டிராயிங் மாஸ்டர் அல்லவா, அழகாகச் சுழித்துப் போட்டார். படிக்கவில்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவள்தான் ஒன்றும் சொல்லவில்லையே. உப்பைப் பற்றிச் சொன்னாள். நடையைப் பற்றிச் சொன்னாள். மாத்திரையை டப்பாவில் கிழமைவாரியாகப் போட்டு வைத்தாள். டாக்டர் நர்ஸ் சொல்வார் என்று இருந்தார், நர்ஸுகள் அக்கா சொல்வாள் என்று இருந்தார்கள், அக்கா பெண்டாட்டியாகிப் போனாள். ஊரில் எந்தக் கூலிக்காரனுக்காவது ஒரு டிரெய்னி பெண்ணாவது தப்பும் தவறுமாக ஏதோ சொல்லியிருப்பாள். நர்ஸ் புருஷனுக்குச் சொல்ல ஆளில்லை.

ரோஸ்லின் முழங்கையால் இடித்தாள். "என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு? சுகர் மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்" என்றாள். போட்டாளா? மேடம் இடையில் எழுந்து, பேஷண்டுகள் கேட்கக்கூடியதற்குப் பதில்களை மறுபடி ஞாபகப்படுத்தினார். இரண்டு மாடி மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் ஏறுகிறவருக்கு இதற்கும் இருதயம் தாங்கும். நெஞ்சுவலிக்கு நாக்கடி மாத்திரை வைத்திருப்பவர் கடையில் விற்கிற ஊக்க மாத்திரையைத் தொடவே கூடாது. மாத்திரையால் தளர்ச்சி என்று தோன்றினால் தானாக நிறுத்தக் கூடாது, வந்து சொல்ல வேண்டும். "அந்த நேரத்துல நாடித் துடிப்பு நூத்திப் பத்து, நூத்தி இருபது போகும். போகணும். அது ஆபத்து இல்லைங்க, அது உயிரோட இருக்கிறதுக்கு அடையாளம்" என்றார் மேடம். யாரோ எழுதிக்கொண்டார்கள். ஆவுடைத்தாய் எழுதிக்கொள்ளவில்லை. நூற்றுப் பன்னிரண்டு. அவளுக்கு அந்த எண் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டுக்கு வந்து ஆறாவது வாரம். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். மொச்சைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள். அவர் வந்து பக்கத்தில் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் தோளில் கை வைத்தார். கையில் சாக்பீஸ் தூள் இல்லாமல், சோப்பு வாசனையோடு, மெலிந்துபோய், ஆனால் அதே கை. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் கல்யாணமான புதிதில் இருந்த அந்தக் கேட்கிற பாவனை இருந்தது. எல்லாம் சரியாகத்தான் போனது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் பிடித்தாள். சத்தியமாகப் பிடித்துக்கொள்ளத்தான். ஆனால் இருபது வருஷமாக மணிக்கட்டைத் தொட்டால் விரல் போகிற இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே போய் நின்றுவிட்டது. மூன்று விரல். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மனசு எண்ண ஆரம்பித்தது. நிறுத்து நிறுத்து என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி எண்ணி முடித்து, வாய்விட்டும் சொல்லிவிட்டாள். "நூத்திப் பன்னெண்டு இருக்குங்க." அவர் "அப்படியா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபமில்லை. கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்திருந்தார். பிறகு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, வெளியே போகிறவர் மாதிரி சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பித்தான் வரைக்கும் பூட்டிக்கொண்டு ஹாலில் போய் உட்கார்ந்தார். அந்த வாரமே ஹாலில் காற்று நன்றாக வருகிறது என்று படுக்கையையும் எடுத்துக்கொண்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெஸ்ட் எடுக்கட்டும் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்ததாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையில் பயம். தன்மேல் அவர் செத்துவிடுவாரோ என்று பயம். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் என்ன மனுஷி என்பார்கள். நாற்பத்தேழு வயசில் இது ஒரு கேடா என்பார்கள். ஆனால் அவளுக்கு அவர் வேண்டும். மூன்று வருஷமாக வேண்டும். சண்டை கிடையாது, குறை கிடையாது. காலையில் அவர் காபி போட்டுத் தருகிறார். பிரஷர் என்ன என்று அவள் கேட்கிறாள், நூற்றிருபதுக்கு எண்பது என்கிறார். பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்கள் மாதிரி நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள்.

இரண்டு ஜோடிதான் மிச்சம் என்று அவள் கவனித்தபோது உள்ளங்கை வேர்க்கவில்லை. அதுவே ஆச்சரியமாக இருந்தது. பலகையில் இருந்த கேள்வியை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா. பேஷண்டுக்கும் நீங்க, அவருக்கும் நீங்க. ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். 'ஏங்க' என்று முன்னால் ஒன்று சேர்த்தால் போதும். ஏங்க, நிறையப் பேருக்குப் பயம் இருக்குமாம். உங்களுக்கு இருக்கா? எனக்கு இருந்துச்சுங்க. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நூத்திப் பன்னெண்டு நல்லதாம், இருக்கணுமாம். பைத்தியக்காரி, தெரிந்துதான் இருந்தது, தெரிந்தும் சொல்லிவிட்டாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது. ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் ஆறே காலுக்கு வீடு. மகள் இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள், வீட்டில் வேறு ஆளில்லை. யூனிஃபார்மை மாற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும், நர்ஸாகக் கேட்கக் கூடாது. அந்த மயில் கலர்ச் சேலை. சே, என்ன இது, சேலை வரைக்கும் போய்விட்டது மனசு. அவளுக்குத் தன்னையே கிண்டல் பண்ணத் தோன்றியது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது, செய்யலாம், செய்தால் நடக்கும் என்று இருந்தது. முன் ஜோடி எழுந்தது. கைதட்டினார்கள். "அடுத்து ஆவுடைத்தாய் சிஸ்டர், செல்வின் பிரதர்" என்றார் மேடம்.

செல்வின் தாலுகா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஆண் நர்ஸ். இருபத்தாறு வயசு இருக்கும். அவளை இன்றுதான் முதல் தடவை பார்க்கிறான். எதிரே வந்து உட்கார்ந்து, அடக்க முடியாமல் சிரித்தான். "சாரி அக்கா" என்றான். மறுபடி சிரித்தான். மேடம் பொறுமையாக, "செல்வின், நடிக்க வேண்டாம். நீங்க நிஜமாப் பார்த்த ஒரு பேஷண்டை மனசுல வச்சுக்குங்க. பேரு ஊரு சொல்லாதீங்க. அவர் என்ன சொல்லுவாரோ அதைச் சொல்லுங்க" என்றார். அவன் யோசித்தான். முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. நல்ல பையன் என்று நினைத்தாள் ஆவுடைத்தாய். "வணக்கம் சிஸ்டர்" என்று ஆரம்பித்தான். "எனக்கு அம்பத்தோரு வயசு. ஸ்டென்ட் வச்சு மூணு வருசமாச்சு. பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டரா இருக்கேன். மாசாமாசம் மாத்திரைக்கு இங்க வாரேன்."

கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தாலுகா ஆஸ்பத்திரி சங்கரலிங்கத்தின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம். 'உங்க ஆஸ்பத்திரின்னா எல்லாரும் தெரிஞ்சவங்க, பிரஷர் பாக்கப் போனா காபி வாங்கிக் குடுத்து உக்கார வச்சிருதாங்க, லீவு போட வேண்டியிருக்கு' என்று சொல்லித்தான் மாத்திரை வாங்குகிறதை அங்கே மாற்றிக்கொண்டார். அவளும் சரி என்றாள். இந்தத் தாலுகாவில் எத்தனை டிராயிங் மாஸ்டர் இருப்பார்கள்? ஸ்டென்ட் வைத்தவர் எத்தனை பேர்? இருப்பார்கள், வேறு யாராவது இருப்பார்கள். எழுந்து போய்விடலாம். சுகர் குறைந்துவிட்டது என்று சொல்லலாம், ரோஸ்லின் நம்புவாள். "கேளுங்க சிஸ்டர்" என்றார் மேடம் பின்னாலிருந்து. அவள் வாய் கேட்டது. தடங்கலில்லாமல் கேட்டது. அட்டாக் வந்ததுக்குப் பிறகு, புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருக்கிறதைப் பத்தி நிறையப் பேருக்குப் பயம் இருக்கும். உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா?

செல்வின் மடியில் கையைக் கோத்துக்கொண்டான். "மொத வருசம் இருந்துச்சு சிஸ்டர். யார்ட்டயாவது கேக்கணும்னு வருவேன், கேக்காமப் போயிருவேன். வீட்ல அவங்களும் உங்களை மாதிரி சிஸ்டர்தான். குறை சொல்லக் கூடாது, ரொம்ப நல்லாப் பாத்துக்கிடுதாங்க. ஆனா அவங்க பக்கத்துல வந்தா நான் ஆஸ்பத்திரில படுத்திருக்க மாதிரி ஆயிருது. ரெண்டு வருசம் அவங்களா ஏதும் சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். பொறவு அந்த நெனப்பே விட்டுப்போச்சு. இப்ப நிம்மதியா இருக்கேன்." நிறுத்தினான். அந்த மனிதர் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும் என்று கவனமாக ஞாபகப்படுத்துகிறவன் மாதிரி நெற்றியைச் சுருக்கினான். "பயம்னு கேட்டீங்கள்லா. இப்ப ஒரே ஒரு பயந்தான். இத்தனை நாள் கழிச்சு அவங்க வந்து எங்கிட்ட கேட்டுருவாங்களோன்னு. கேட்டா எனக்குச் சொல்லுதுக்கு ஒண்ணும் இல்ல. பாவம் அவங்க. கேக்காம இருந்தாப் போதும்."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ரோஸ்லினுடைய கை அவள் பார்வையின் ஓரத்தில் வாய்மேல் போயிற்று. அப்படியென்றால் ரோஸ்லினுக்குத் தெரிந்துவிட்டது. தெரியட்டும். ஆவுடைத்தாய்க்கு அழுகை வரவில்லை. எதிரே இருந்த பையனின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது, மார்க் வாங்கப்போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். சங்கரலிங்கம் இந்த முகத்தைப் பார்த்துத்தான் இத்தனையும் சொல்லியிருக்கிறார். வீட்டில் மூன்று வருஷமாகச் சொல்லாததை, ஊர் பேர் தெரியாத இந்தப் பையனிடம், மாத்திரைக்கு நின்ற இடத்தில். சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்கு வந்திருப்பார். நூற்றிருபதுக்கு எண்பது என்றிருப்பார். நல்லதுங்க என்று அவளும் சொல்லியிருப்பாள்.

"பேஷண்ட் மனசு விட்டுச் சொல்லிட்டார்" என்றார் வசுந்தரா மேடம் மெல்ல. "இப்ப நீங்க அவருக்கு என்ன சொல்லுவீங்க சிஸ்டர்?"

ஆவுடைத்தாய் நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள்.

"அவங்க கேக்க மாட்டாங்க ஐயா" என்றாள். "நீங்க பயப்படாம இருங்க."

"இல்ல சிஸ்டர், அப்படி முடிக்கக் கூடாது" என்றார் மேடம். "பேச்சுக்கு ஒரு வழி திறந்து வைக்கணும். இன்னொரு தடவை சொல்லுங்க பார்ப்போம்."

அவள் இன்னொரு தடவையும் அதையேதான் சொன்னாள்.